மேடவாக்கத்தில் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் 8 அடி பவளத் தொட்டி: பூச்சு வேலைக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்?

அலைவிரும்பி:

எல்லாருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளா வாசகன், எழுதுறது இப்பதான் முதல் தடவை.

சிங்கப்பூர்ல 9 வருஷம் வேலை. அங்கே ஹால்ல 3 அடித் தொட்டி ஒண்ணு, கிட்டத்தட்ட 200 லிட்டர். ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு கோபி, கொஞ்சம் அக்ரோபோரா, யூஃபிலியா பவளம், கல்லு முழுக்க ஜோவாந்தஸ். போன வருஷம் ஊர் திரும்பறப்ப எல்லாத்தையும் நண்பர் ஒருத்தர்கிட்ட குடுத்துட்டு வந்தேன். சாமான் கட்டின ராத்திரி காலிக் கண்ணாடியைப் பார்த்து என் பொண்ணு அழுதா. அவளுக்கு அப்ப 6 வயசு. "புது வீட்டுல இதைவிடப் பெருசா வெப்போம்டா"ன்னு சொல்லித்தான் தூங்க வெச்சேன். அந்த வாக்கைக் காப்பாத்தணும்.

இப்ப மேடவாக்கத்துல வீடு எழும்பிட்டிருக்கு. தரைத்தளம் அப்பா அம்மாவுக்கு, முதல் மாடி எங்களுக்கு. மேல் தளம் கான்கிரீட் போட்டாச்சு, செங்கல் வேலை நடக்குது, பூச்சு இன்னும் ஒரு மாசத்துல ஆரம்பிச்சுடும். அதனாலதான் அவசரமா கேக்குறேன்.

என் மனசுல இருக்கிறது இதுதான்: முதல் மாடியில ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவுல சுவருக்குப் பதிலா தொட்டி. 8 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி உயரம். ரெண்டு பக்கமும் நின்னு பார்க்கலாம். 2,000 லிட்டருக்கு மேல வருது. அடியில, தண்ணியைச் சுத்தம் பண்ணித் திருப்பி மேல அனுப்ப, 400 லிட்டர் கீழ்த்தொட்டி. (சம்ப்னு எழுதினா வீட்டுத் தண்ணிச் சம்ப்னு நினைச்சு மேஸ்திரி தரையைத் தோண்டப் போனார், அதுல இருந்து நான் கீழ்த்தொட்டின்னுதான் சொல்றேன்.) உள்ளே முழுக்க அக்ரோபோரா, மான்டிபோரா. மீன்ல 5 டேங், ஒரு கூட்டம் ஆந்தியாஸ்.

தளம் தாங்குமா? போர் தண்ணி டி.டி.எஸ். (கரைஞ்ச உப்பு அளவு) 1,400 காட்டுது, அதை வெச்சு என்ன பண்றது? மே மாசச் சூட்டுக்கு தண்ணியைக் குளுமையாக்குற சில்லர் எத்தனை யூனிட் இழுக்கும்? கல்லும் மணலும் இங்கே எங்கே வாங்குறீங்க? 3 அடித் தொட்டி நடத்தின அனுபவம் 8 அடிக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? வேற எதையாவது நான் யோசிக்காம விட்டிருந்தா அதையும் சொல்லுங்க. அப்பா இன்னும் ஒத்துக்கல. அவருக்குப் பதில் சொல்ற அளவுக்காவது எனக்குத் தெளிவு வேணும்.


கம்பிக்கட்டு:

மீனைப் பற்றி எனக்குத் தெரியாது. கட்டடம் என் தொழில். இந்த இணையதளத்துக்கு என் தம்பியின் நன்னீர்த் தொட்டிக்காக வந்தவன். தளம் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

8 × 3 × 3 என்றால் 72 கன அடி, சுமார் 2,040 லிட்டர். கடல் நீர் என்பதால் 2,090 கிலோ. கண்ணாடி 19 மி.மீ. என்று வைத்தால் 400 கிலோ வரும். கல், மணல் 300 கிலோ. கீழ்த்தொட்டி, அதன் தண்ணீர், ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்து 600 கிலோவாவது இருக்கும். ஆகமொத்தம் 3,400 கிலோவை நெருங்குகிறது. இது 24 சதுர அடியில் உட்கார்கிறது. சதுர மீட்டருக்கு 1,500 கிலோ.

குடியிருப்பு அறைகளுக்கு இந்தியத் தரநிர்ணயம் 875, இரண்டாம் பகுதி சொல்லும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது 200 கிலோ சொச்சம். உங்கள் ஹால் 12-க்கு 14 அடி என்று வைத்துக்கொண்டால், முழு அறையிலும் சீராகப் பரப்பி வைக்கலாம் என்று கணக்கில் எடுத்த எடையே 3,200 கிலோதான். நீங்கள் அதற்கு மேலேயே ஒரே ஒரு பட்டையில் ஏற்றப்போகிறீர்கள், அதுவும் இரவும் பகலும், வருடக்கணக்கில். உடனே இடிந்து விழாமல் இருக்கலாம். ஆனால் தளம் மெல்லத் தொய்யும். தொய்ந்தால் முதலில் பேசுவது கண்ணாடி மூலையின் சிலிகான்.

தொட்டிக்கு நேர் கீழே பீம் இருக்கிறதா, அந்த பீம் எந்தச் சுமைக்கு வடிவமைத்தது என்று உங்கள் ஸ்ட்ரக்சுரல் பொறியாளர் கையெழுத்துப் போட்டுத் தந்தால் மட்டும் மாடியில் வையுங்கள். கான்கிரீட் போட்டு முடித்தபின் "தாங்கும் சார்" என்று யார் வாயால் சொன்னாலும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் யோசனை தரைத்தளம். அங்கேயும் டைல்ஸ் மேல் அப்படியே தூக்கி வைக்க வேண்டாம். பேஸ்மென்ட்டுக்குள் கொட்டிய நிரப்பு மண் இறங்கும். தொட்டி வரும் இடத்தில் மட்டும், நான்கு பக்கமும் ஒரு அடி கூடுதலாக விட்டு, மண்ணை நன்றாக இடித்து, 6 அங்குலம் கம்பி கட்டிய கான்கிரீட் படுகை போடச் சொல்லுங்கள். இப்போது அது இரண்டு நாள் வேலை. குடிபோன பிறகு வீட்டையே கலைக்க வேண்டியிருக்கும்.


தூத்துக்குடிக்காரி:

தம்பி, பொண்ணுகிட்ட சொன்ன வாக்குன்னு எழுதியிருக்கீங்க. அதனால உக்காந்து நிதானமா எழுதுறேன்.

நான் பிறந்தது தூத்துக்குடி. கல்யாணமாகி திருவான்மியூர் வந்தேன். 2011-ல இருந்து கடல் தொட்டி வெச்சிருக்கேன். இப்ப இருக்கிறது 7 அடி நீளம், ரெண்டரை அடி அகலம், 26 இன்ச் உயரம். கீழ்த்தொட்டியோட சேர்த்து 1,300 லிட்டர். தரைத்தளம். மேல சார் சொன்ன படுகையை அப்படியே செய்யுங்க. நான் கூடுதலா ஒண்ணே ஒண்ணு செஞ்சேன், இரும்பு ஸ்டாண்ட் வேண்டாம்னு சாலிட் பிளாக்ல மூணு குட்டைச் சுவர் எழுப்பி மேல ரெண்டு இன்ச் கடப்பாக் கல்லு போட்டேன். திருவான்மியூர் உப்புக் காத்துல வெளியே இருக்கிற கேட்டே அரிச்சுப்போகுது, உப்புத் தண்ணிக்கு அடியில இரும்பை வெச்சுட்டு தூங்க முடியாது. ஆனா சுவருக்கு நடுவுல கீழ்த்தொட்டி முழுசா வெளியே உருவ வர்ற அளவு இடைவெளி விடணும். நான் ஒரு இன்ச் குறைச்சு விட்டுட்டேன். பின்னாடி கீழ்த்தொட்டி மாத்தறப்ப ஒரு சுவரை உடைச்சுத்தான் எடுத்தோம்.

உங்க கேள்விகள்ல கரண்ட் போனா என்னங்கிற கேள்வியே இல்லை. சிங்கப்பூர்ல அது தோணியிருக்காது. இங்கே அதுதான் முதல் கேள்வி. சொல்றேன்.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். அப்ப என்கிட்ட 6 அடித் தொட்டி, 11 மீன். 150 ஆம்பியர்-அவர் பேட்டரியோட வீட்டு இன்வெர்ட்டர் இருந்துது, தொட்டியையும் அதுலதான் கோர்த்திருந்தேன். தைரியமா இருந்தேன். மதியத்துக்கு முன்னாடியே கரண்ட் போச்சு. இன்வெர்ட்டர்ல ஓடினது தண்ணியை மேல ஏத்துற மோட்டார் 85 வாட், கழிவை நுரையா பிரிக்கிற ஸ்கிம்மர் 40 வாட், அதோட வீட்டு ஃபேன், லைட்டு. ராத்திரி எட்டு மணிக்கு பேட்டரி கீச்சுன்னு கத்திட்டு நின்னுடுச்சு. வெளியே மரம் விழுந்து தெருவே அடைஞ்சு கிடக்கு, எங்கேயும் போக முடியாது.

நானும் என் பையனும் ஆளுக்கொரு செம்பு எடுத்துக்கிட்டோம். தொட்டித் தண்ணியை மோந்து ஒரு முழ உயரத்துல இருந்து திரும்ப ஊத்துறது. காத்து கலக்கணுமில்ல. மெழுகுவத்தி வெளிச்சத்துல மாத்தி மாத்தி ஊத்தினோம். டேங் ரெண்டும் ஒரு மணிக்கு மேல பக்கவாட்டுல சாய ஆரம்பிச்சுது. அதுங்கதான் பெரிய உடம்பு, மூச்சும் அதிகம் வேணும். விடியறதுக்குள்ள 8 மீன் போயிடுச்சு. கரண்ட் வந்தது நாலாம் நாள்.

அப்புறம் உக்காந்து கணக்குப் போட்டேன். 26 டிகிரி கடல் தண்ணியில ஒரு லிட்டருக்கு 7 மில்லிகிராம் ஆக்சிஜன்கூட நிக்காது. மேல்பரப்பு அசையாம நின்னா மீன்களும், கல்லுக்குள்ள இருக்கிற பாக்டீரியாவும் சேர்ந்து அதைச் சில மணி நேரத்துல தின்னுடும். அந்த ராத்திரி தேவைப்பட்டது மேல்பரப்பு அலையறது மட்டும்தான். அதுக்கு 15 வாட் அலை பம்ப் ஒண்ணு போதும். அந்த ஒரே பேட்டரியில பாதுகாப்பா எடுக்கக்கூடியது 1,200 வாட்-அவர்னா, 15 வாட் பம்ப் 80 மணி நேரம் ஓடியிருக்கும். மூணு நாளுக்கு மேல. என்கிட்ட கரண்ட் இல்லாம இல்ல தம்பி, இருந்த கரண்டைத் தப்பான மோட்டாருக்குக் குடுத்தேன்.

இப்ப எப்படின்னா, தொட்டியோட ரெண்டு முனையிலயும் 24 வோல்ட் டி.சி. அலை பம்ப். 12 வோல்ட் பேட்டரி ரெண்டை வரிசையா கோர்த்து 24 ஆக்கி, இன்வெர்ட்டரே நடுவுல இல்லாம நேரா பம்புக்கு. இன்வெர்ட்டர் சும்மா நின்னாலே அதுபாட்டுக்குக் கொஞ்சம் கரண்ட் குடிக்கும், அந்த வீணும் மிச்சம். மெயின் போனா பேட்டரிக்குத் தானா மாறும், பம்ப் குறைஞ்ச வேகத்துல சுத்தும். இந்த பேட்டரியில வீட்டு ஃபேன், லைட்டு எதையும் யாரும் மாட்டக்கூடாது, அது வீட்டுச் சட்டம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்ப எங்க தெருவுல மூணு நாள் கரண்ட் இல்ல. ஒரு மீன்கூடப் போகல. மேடவாக்கம் தண்ணி நிக்கிற பக்கம், உங்களுக்கே தெரியும். பேட்டரியைத் தரையில வெக்காதீங்க, இடுப்பு உயரத்துல சுவர்ல தட்டு அடிச்சு வெச்சுடுங்க. ப்ளக் பாயின்ட் எல்லாமும் தொட்டியோட மேல்மட்டத்துக்குப் பக்கத்துல, ஆனா தண்ணி சொட்டாத இடத்துல. கரண்ட் கசிஞ்சா உடனே துண்டிக்கிற 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. தொட்டிக்குன்னு தனியா. குழந்தை இருக்கிற வீடு.

கரண்ட் போறப்ப இன்னொண்ணும் நடக்கும். மேல இருக்கிற தண்ணி கொஞ்சம் கீழே இறங்கும். உங்க அளவுல ஒரு இன்ச் இறங்கினாலே 57 லிட்டர். கீழ்த்தொட்டியில எப்பவும் 120 லிட்டர் இடம் காலியா இருக்கணும். தொட்டி நிரப்பின முதல் நாளே பத்து தடவை மெயினை நிறுத்திப் பாருங்க. தண்ணி இறங்குற குழாய் மூணு வைங்க: ஒண்ணு முழுசா நிறைஞ்சு சத்தமில்லாம இறங்குறது, ரெண்டாவதுல லேசா வழியறது, மூணாவது எப்பவும் வறண்டே இருக்கணும். முதல் ரெண்டும் ஒருநாள் நத்தையோ பாசியோ அடைச்சா மூணாவதுதான் உங்க அம்மாவோட தரையைக் காப்பாத்தும்.

உயரம் 3 அடி வேண்டவே வேண்டாம். என் கை தோள்ல இருந்து விரல் நுனி வரைக்கும் 27 இன்ச். தொட்டி அதைவிட ஆழமா இருந்தா அடியில விழுந்த பவளத் துண்டை எடுக்க ஒவ்வொரு தடவையும் ஸ்டூல் போட்டு, தலையை லைட்டுக்கு அடியில நுழைச்சு, அக்குள் வரைக்கும் நனையணும். முதல் ஆறு மாசம் செய்வீங்க. அப்புறம் "நாளைக்குப் பார்க்கலாம்" ஆயிடும். தொட்டி கெடுறது அங்கேதான் ஆரம்பிக்கும். 26 இன்ச் வைங்க, மிச்சத்தை அகலத்துல போடுங்க. கண்ணாடிச் செலவும் குறையும், அடிவரைக்கும் வெளிச்சமும் இறங்கும்.

ரெண்டு பக்கமும் பார்க்கிறதுங்கிறது அழகுதான். ஆனா குழாய், பம்ப், ஒயர் எதையும் மறைக்கப் பின்சுவர் கிடையாது. அப்படித்தான் வேணும்னா, வழிஞ்சு இறங்குற பெட்டியை 3 அடி முனையில வெச்சு, அந்த முனைக்குப் பின்னாடி நாலடிக்கு ஒரு சின்ன அறை விட்டுடுங்க. தண்ணி கலக்குற டிரம், உப்பு, சில்லர் இணைப்பு, ஒரு சிங்க், தரையில வடிகால். சாப்பாட்டு அறையில வாளியோட நடந்தா வீட்டுல சமாதானம் நிக்காது.

இப்ப பவளம். இதைச் சொல்லத்தான் தயங்குறேன், ஆனா சொல்லாம விடமாட்டேன். அக்ரோபோரா, மான்டிபோரா, யூஃபிலியா எல்லாம் கல் பவளம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல கல் பவளம் அத்தனையையும் 2001-ல முதல் அட்டவணையில சேர்த்தாங்க, புலிக்கு எந்த இடமோ அங்கே. கருப்புப் பவளம், கடல் விசிறி, நெருப்புப் பவளம், குழல் பவளம், கடல் குதிரை எல்லாமே அதே வருஷம் உள்ளே வந்துடுச்சு. மணலைச் சுத்தம் பண்ண கடல் அட்டை போடலாம்னு வெளிநாட்டுக்காரங்க எழுதறதைப் படிச்சிருப்பீங்க. கடல் அட்டையும் இங்கே பிடிக்கவோ விக்கவோ கூடாது. சிங்கப்பூர்ல கடையில வாங்கின மாதிரி இங்கே வாங்க முடியாது. "வெளிநாட்டுச் சரக்கு, பேப்பர் இருக்கு"ன்னு யாராவது சொன்னா, அந்த பேப்பரை எடுத்துக்கிட்டு வனத்துறை அலுவலகத்துல காட்டிட்டு அப்புறம் வாங்குங்க.

சட்டத்துக்காக மட்டும் சொல்லல. எங்க ஊருக்கு எதிர்ல இருந்த விலாங்குசல்லி, கீழக்கரைக்கு எதிர்ல இருந்த பூவரசன்பட்டி ரெண்டு தீவும் இன்னைக்குக் கடலுக்கு அடியில இருக்கு. சுண்ணாம்புக்குன்னு பல வருஷம் பவளக் கல்லை வெட்டி வெட்டி எடுத்தாங்க. அலையைத் தடுக்கிற பார் போச்சு, தீவும் கரைஞ்சுது. எங்க தாத்தா வீட்டுச் சுவரே அந்தக் கல்லுதான். சின்னப் பிள்ளையில சுவரைத் தடவினா நட்சத்திர நட்சத்திரமா கையில படும், அது ஒரு காலத்துல உயிரா இருந்ததுன்னு எனக்கு அப்ப யாரும் சொல்லல. 2016 கோடையில கடல் சூடேறி மன்னார் வளைகுடாவுல மிச்சமிருந்ததும் வெளுத்துப் போய் நின்னுது. அங்கே இருந்து ஒரு விரலளவு துண்டுகூட என் வீட்டுக்கு வரக்கூடாதுன்னு நான் முடிவு பண்ணிட்டேன்.

என் தொட்டி முழுக்க மென்பவளம். சார்கோபைட்டன், சினுலேரியா, டிஸ்கோசோமா, ரோடாக்டிஸ், ஜோவாந்தஸ், பச்சை நட்சத்திரப் பாலிப். இதெல்லாம் நான் சொன்ன அந்தப் பட்டியல்ல இல்லாத வகை. அதுலயும் கடல்ல பிடிச்சதை வாங்காம, இன்னொரு வளர்ப்பாளர் தன் தொட்டியில வெட்டி வளர்த்த துண்டாத்தான் வாங்கினேன். பத்து வருஷத்துக்கு முன்னாடி உள்ளங்கை அளவு வந்த சார்கோபைட்டன் இன்னைக்கு முறம் அளவு விரிஞ்சு நிக்குது. பம்ப் மாறி மாறி தள்ளறப்ப முழுத் தொட்டியும் நெல் வயல் மாதிரி சாஞ்சு நிமிரும். கல் பவளத் தொட்டியில அந்த அசைவு கிடையாது. செலவுலயும் பாருங்க: அக்ரோபோராவுக்கு வெளிச்ச அளவு 300 பார் வேணும்னா இதுக்கு 100-ல இருந்து 150 போதும். லைட்டு பாதி, அந்தச் சூடும் பாதி. கல் பவளத்துக்குக் கால்சியம் ஊட்டுற ரியாக்டர் தேவையே இல்ல. ஆவியாகுற தண்ணிக்குப் பதில் விடுறதுல பாதியைச் சுத்தமான சுண்ணாம்புத் தெளிநீரா ராத்திரியில சொட்டுசொட்டா விடறேன், கே.எச். (தண்ணியோட காரத்தன்மை அளவு) 8-லயும் கால்சியம் 420-லயும் நிக்குது. ரெண்டு விஷயம் மட்டும் மறக்கக்கூடாது. இந்த வகைங்க ஒண்ணுக்கொண்ணு எதிரா தண்ணியில ரசாயனம் விடும், அதனால கரித்தூள் எப்பவும் ஓடணும், மூணு வாரத்துக்கு ஒருதடவை மாத்தணும். அப்புறம் ஜோவாந்தஸ் வகையில சிலதுல பாலிடாக்சின்னு கடுமையான விஷம் இருக்கு. வெட்டறப்ப கையுறை, கண்ணாடி. அந்தக் கல்லை வெந்நீர்ல போட்டுக் கழுவவே கூடாது, ஆவியிலயே ஆளைப் படுக்க வைக்கும். பொண்ணுக்கு முதல்லயே சொல்லிக்குடுங்க.

கல்லு நானே வார்த்தேன். வெள்ளை சிமென்ட் ஒரு பங்கு, இடிச்ச கிளிஞ்சல் மூணு பங்கு, கல்லுப்பு ரெண்டு பங்கு. ஈர மணல்ல குழி பண்ணி வார்த்தா ஒவ்வொண்ணும் ஒரு உருவமா வரும். உப்பு கரைஞ்சு போன இடம் ஓட்டை ஓட்டையா நிக்கும், பாக்டீரியாவுக்கு அதுதான் வீடு. ஆனா சிமென்ட்டோட காரம் இறங்கணும். நல்ல தண்ணியில ஊறப்போட்டு வாரம் ஒருதடவை மாத்தி, ரெண்டு மாசத்துக்கு மேல. ரெண்டு நாள் ஊறின தண்ணியோட பி.எச். 8.3-க்கு வந்தப்புறம்தான் தொட்டிக்குள்ள போகும். உங்களுக்கு வீடு முடிய எப்படியும் ஆறு மாசம் இருக்கு, இன்னைக்கே ஆரம்பிக்கலாம். கடற்கரை மணல் போடாதீங்க. தெக்கத்திக் கடற்கரை மணல்ல இல்மனைட், கார்னெட் தாது கலந்திருக்கும். கண்ணாடி துடைக்கிற காந்தத்துல அது ஒட்டிக்கிட்டு முகப்பு முழுக்கக் கீறும். அரகனைட் மணல் வாங்குங்க, ஒண்ணரை இன்ச்சுக்கு மேல வேணாம்.

யூனிட் கேட்டீங்க. எனக்கு ஏப்ரல், மே பில்லுல தொட்டிக்கு மட்டும் 900 யூனிட் வருது, டிசம்பர் பில்லுல அதுல பாதி. உங்க அளவுக்கு கோடையில 1,200-க்குக் குறையாது. ரெண்டு மாச பில்லு 1,000 யூனிட்டைத் தாண்டினா விலைப்படியும் மேல ஏறும், அப்பாகிட்ட அதையும் சேர்த்தே சொல்லிடுங்க. சில்லரை வீட்டுக்குள்ள வெக்காதீங்க, அது தொட்டியில இருந்து எடுக்கிற சூட்டை அதே அறையில கொட்டும், நீங்க ஏ.சி. போட்டு அதையே திரும்ப வெளியே தள்ளுவீங்க. வெளிச்சுவர்ல நிழல்ல தட்டு அடிச்சு வைங்க.

மீன் பத்தி இன்னொருநாள் எழுதுறேன். ஒண்ணு மட்டும்: தனித் தொட்டியில ஒரு மாசமாவது வெக்காம எந்த மீனும் உள்ளே போகக்கூடாது. 200 லிட்டர்ல வெள்ளைப்புள்ளிங்கிற ஒட்டுண்ணி நோய் வந்தா எல்லா மீனையும் வலையில பிடிச்சுடலாம். 8 அடியில, கல்லுக்கு நடுவுல, டேங்கைப் பிடிக்க கல்லை முழுக்கக் கலைக்கணும். அப்புறம் தொட்டி 76 நாள் மீனே இல்லாம கிடக்கணும். கோமாளி மீனும் டாம்சலும் கடல்ல பிடிச்சதை வாங்காதீங்க. மண்டபத்துலயும் விழிஞ்ஞத்துலயும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க அதுங்களைத் தொட்டியிலயே பொரிக்க வெச்சு வளர்க்கிற முறையை எப்பவோ செஞ்சு காட்டிட்டாங்க. பண்ணையில பொரிஞ்சது தீனிக்கும் சீக்கிரம் பழகும்.


மரக்காணம் உப்பளம்:

தூத்துக்குடி அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தண்ணீர் மட்டும் பாக்கி. நான் இறால் குஞ்சு பொரிப்பகத்தில் 14 வருடமாக வேலை செய்கிறேன்.

உப்பு வாங்கிக் கலந்தால் லிட்டருக்கு 38 கிராம் வைத்துக்கொள்ளுங்கள். 1,800 லிட்டருக்கு முதல் தடவையே 68 கிலோ. பிறகு ஒவ்வொரு தடவை பத்தில் ஒரு பங்கு மாற்றும்போதும் 7 கிலோ. அதனால் பலர் கடல் நீருக்குப் போகிறார்கள். கரையில் வாளி போட்டு எடுக்காதீர்கள். எங்களைப் போன்ற பொரிப்பகங்கள் கடலுக்குள் குழாய் விட்டு எடுத்து, மணல் வடிகட்டி வழியாக விட்டு, குளோரின் போட்டு, காற்றடித்து, மிச்சக் குளோரினைத் தயோசல்பேட்டால் முறித்துத்தான் குஞ்சுக்கு விடுகிறோம். அந்தத் தண்ணீரைக் கேட்டு வாங்குங்கள். ஆனாலும் உங்கள் கையால் ஒருமுறை குளோரின் சோதனை செய்யுங்கள். இறால் குஞ்சுக்குச் சரி என்பதாலேயே பவளத்துக்குச் சரி என்று ஆகாது.

அக்டோபர் பாதியிலிருந்து ஜனவரி வரை வாங்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் ஆற்று வெள்ளமும் கழிவும் கரையோரக் கடலில் கலக்கும். கோடையில் ஆயிரத்துக்கு 34, 35 பங்கு இருக்கும் உப்பு அப்போது எங்கேயோ இறங்கிவிடும். அந்த மாதங்களுக்கு உப்பு மூட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் 1,400 டி.டி.எஸ். போர் தண்ணீர் ஆர்.ஓ. தாண்டி வரும்போது 50-க்குப் பக்கம் இருக்கும். அதை, மிச்ச உப்பையும் பிடிக்கும் டி.ஐ. ரெசினில் விட்டால் ரெசின் வாரக்கணக்கில் தீர்ந்துபோகும். தொட்டியிலிருந்து தினம் 12 லிட்டராவது ஆவியாகும், வருடத்துக்கு 4,000 லிட்டருக்கு மேல். ஒரு மெம்பிரேன் முடிந்து இன்னொரு மெம்பிரேன் வழியாக விடுங்கள், அல்லது மழைநீர். கட்டும்போதே மாடித் தண்ணீரில் ஒரு குழாயைத் தனியாகப் பிரித்து 2,000 லிட்டர் சின்டெக்ஸுக்கு விடுங்கள். முதல் இரண்டு மழையை வெளியே போகவிட்டு, அதன் பிறகு வருவதைப் பிடித்தால் டி.டி.எஸ். 20-ஐத் தாண்டாது. மொட்டை மாடிக்கு வெயில் தடுக்கும் பெயின்ட் அடித்திருந்தால் மட்டும் இதைச் செய்ய வேண்டாம், அதிலிருந்து என்ன இறங்கும் என்று சொல்ல முடியாது.


அலைவிரும்பி:

மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, உங்க பதிவை ராத்திரி வீட்டுல சத்தமா படிச்சேன். செம்பு விஷயம் வந்ததும் என் மனைவி என்னை நிறுத்தச் சொல்லிட்டு எழுந்து போயிட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு வந்து, "பேட்டரி முதல்ல வாங்கு, மீன் அப்புறம்"னு சொன்னாங்க.

ஸ்ட்ரக்சுரல் பொறியாளர்கிட்ட கேட்டேன். மாடியில தொட்டிக்கு அடியில பீம் இல்ல. அப்பா அம்மா ஹாலுக்கு மாத்தியாச்சு. 8 அடி, 3 அடி, உயரம் 26 இன்ச். படுகை போட வர்ற திங்கக்கிழமை ஆள் வர்றாங்க. அப்பா கேட்ட ஒரே கேள்வி, "எனக்கு எதிர்ல இருந்தா தினம் நான்தானே தீனி போடணும்?" அது சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்.

அக்ரோபோராவை விடறதுக்கு மனசு கஷ்டமாத்தான் இருக்கு. அஞ்சு வருஷம் வளர்த்தது. ஆனா அந்த ரெண்டு தீவோட பேரை என் பொண்ணு எழுதி வெச்சுக்கிட்டா, வரைபடத்துல தேடினா. இனி நான் வாங்க நினைச்சாலும் அவ விடமாட்டா. மென்பவளத் தொட்டிதான். நாளைக்கு கிளிஞ்சல் வாங்கப் போறோம்.

கடைசியா ஒண்ணு அக்கா. அந்த நாலடி அறைக்கும் ஹாலுக்கும் நடுச்சுவர்ல பூச்சுக்கு முன்னாடி எத்தனை ஓட்டை விடணும்?


தூத்துக்குடிக்காரி:

தம்பி, அஞ்சு விடுங்க. சில்லருக்குப் போக ஒண்ணு, வர ஒண்ணு, ரெண்டும் மூணு இன்ச். குழாய் ஒன்றரை இன்ச்தான், ஆனா அதைச் சுத்தி வெப்பம் தடுக்கிற ஸ்பாஞ்ச் வரும், இல்லாட்டி ஈரம் கோத்து சுவர் ஊறிப்போகும். பேட்டரி ஒயருக்கு ஒண்ணு, மத்த ஒயரோட சேராம தனியா. ஆர்.ஓ. தண்ணிக்கு ஒண்ணு. அஞ்சாவதை மூடி போட்டுச் சும்மா விட்டு வைங்க, ரெண்டு வருஷத்துல நிச்சயம் தேவைப்படும். எல்லாமே தொட்டியோட தண்ணி மட்டத்துக்கு மேல இருக்கணும், கீழே ஒண்ணுகூட வேண்டாம். அந்த அறையில ஈரக்காத்தை வெளியே தள்ள ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் ஜன்னலுக்கு மேல இடம் விட்டுடுங்க.

தரை வடிகாலுக்கு வாட்டம் மேஸ்திரி பொறுப்புல விடாதீங்க. ஒரு வாளித் தண்ணி ஊத்திப் பார்த்துட்டு அப்புறம் டைல்ஸ் ஒட்டச் சொல்லுங்க. திங்கக்கிழமை படுகைக்குக் கம்பி கட்டினதும் கான்கிரீட் கொட்டறதுக்கு முன்னாடி ஒரு படம் இங்கே போடுங்க, கம்பிக்கட்டு சார் பார்த்துச் சொல்வார். கல்லு வார்க்கறப்ப பொண்ணுக்கும் கையுறை போட்டு விடுங்க, சிமென்ட் பிஞ்சுக் கையை அரிக்கும். அவ உருவம் பண்ணின கல்லு எதுன்னு அடியில அவ பேரைக் குச்சியால கீறி வைக்கச் சொல்லுங்க.